எரிந்துபோன இரண்டாம் பக்கம்

கோப்பெங்,
4 ஜூன் 2025, புதன்

ட்ரேசிக்கு,

உன் அப்பா டொமினிக் தன் கையாலேயே, கோபத்தோடு எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமாக இல்லை. என் பத்து நகங்களும் சிவப்பாக இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை ஈப்போவில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு உன் நக அலங்காரக் கடைக்கு வந்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். எதிரே இருப்பது நீயா நாற்காலியா என்றுகூடத் தெரியவில்லை. நீ என்ன சொன்னாய்? "அப்பா, என் பரீட்சைக்கு மாடலா வரவேண்டிய பொண்ணு வரல. ஒரு மணி நேரம் கைய நீட்டிட்டு உக்காருங்க, நகத்த அழகு பண்றேன்" என்றாய். அழுக்கு எடுக்கப்போகிறாய் என்று நினைத்துக் கையை நீட்டினேன். ஏர்கான் குளிரில் தூங்கிவிட்டேன். யாரோ ஒரு சீன அம்மா வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை சீனியின் காப்பிக்கடையில் குவளையைத் தூக்கினேன். பக்கத்து வீட்டு லயனல் சத்தமாகக் கேட்டான்: "அண்ணே, எப்ப கல்யாணம்? மாப்பிள்ள யாருலா?" கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து சோப்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, எட்டு மணிப் பூசையில் முதல் வாசகம் நான்தான் வாசிக்கிறேன். எங்களுக்கு எழுதப் படிக்க வகுப்பெடுக்கும் ஜோவான் டீச்சர் எழுபத்தொரு வயதுக்காரனை நம்பிக் கொடுத்திருக்கிறது. எனக்கு வரிக்குக் கீழே விரல் வைத்தால்தான் வாசிக்க வரும். இந்த விரலை வைத்து முந்நூறு பேருக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

போனில் சொல்லலாமே என்பாய். போனில் "சரிப்பா, வச்சிடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பதிலும் கடிதமாகவே வரவேண்டும், பெரிய எழுத்தில். நானே வாசிப்பேன். லயனலிடம் கொடுக்க மாட்டேன்.

இதை எழுத இரண்டு காலைப் பொழுதுகள் ஆயின. கோபத்தில் எழுதியும் வரி கோணவில்லை, பார்.

உன் அப்பா,
டொமினிக்


ஈப்போ,
9 ஜூன் 2025

அப்பாவுக்கு,

ட்ரேசி எழுதுகிறேன். வரி கோணவில்லை. ஆனால் குற்றம் முழுவதும் என்மேல் போட்டிருக்கிறீர்கள். சிவப்பு பூசப்போகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "செய்லா, செய்லா" என்றீர்கள். நான் பேசும்போது நீங்கள் எப்போது காது கொடுத்திருக்கிறீர்கள்? பரீட்சையில் தேறிவிட்டேன். அதைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

அது சாதாரணச் சாயம் இல்லை, ஜெல். விளக்கு ஒளியில் இறுக்கியது. சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகாது. சுரண்டவும் கூடாது, சுரண்டினால் நகத்தின் மேல்தோலும் சேர்ந்து உரிந்துவரும். கடைக்கு வாருங்கள் என்றால் வரமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நகம் தேய்க்கும் தாளையும் மரக்குச்சியையும் இதோடு வைத்திருக்கிறேன்.

தாளால் நகத்தின் மேல் பளபளப்பை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவுங்கள். மருந்துக்கடையில் அசிட்டோன் என்று கேட்டு வாங்குங்கள். பஞ்சைச் சிறியதாகக் கிள்ளி, அசிட்டோனில் நனைத்து, நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றுங்கள்.

பக்கம் 2

ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட், அம்மா படத்துக்கு முன்னால் ஏற்றும் மெழுகுவர்த்தி எதுவும் எரியக்கூடாது. பதினைந்து நிமிடம் கழித்துத் தாளை எடுங்கள். ஜெல் பொருக்குப்போலத் தூக்கியிருக்கும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வராவிட்டால் மறுபடியும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். பலம் காட்டாதீர்கள். கடைசியில் கை கழுவி எண்ணெய் தடவுங்கள்.

இன்னொன்று. இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் கேட்கிறேன். நான் பதினாறு வயதில் விடுதிப் பள்ளிக்குத் தேர்வானேன். நம் ரப்பர் தோட்டத்திலிருந்து போயிருக்க வேண்டிய முதல் பெண் நான். அந்தத் தாளில் வேண்டாம் என்ற இடத்தில் கைநாட்டு வைத்தீர்கள். ஏன் அப்பா? இருபத்திரண்டு வருடமாகியும் நீங்கள் அன்று சொன்னது எனக்குப் பதிலாகப் படவில்லை.

ட்ரேசி


கோப்பெங்,
13 ஜூன் 2025

ட்ரேசிக்கு,

அப்பா எழுதுவது. என்ன கடிதம் எழுதியிருக்கிறாய்? தீயைப் பற்றி முதலில் எழுதக் கூடாதா? வீடு எரியப் பார்த்தது.

நான் உன் கடிதத்தை ஒரு வரி வாசித்தேன், அதைச் செய்தேன். அடுத்த வரி வாசித்தேன், அதையும் செய்தேன். ஜோவான் டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவசரப்படாமல் வரி வரியாக. தேய்த்தேன். வாஸ்லின் தடவினேன். பஞ்சு வைத்தேன். பத்து விரலிலும் அலுமினியத் தாள் சுற்றினேன். கடைசி இரண்டு விரலுக்குப் பல்லால் பிடித்துச் சுற்றினேன். அப்போதுதான் முதல் பக்கம் முடிந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்ப விரல் இல்லை!

முழங்கையால் தள்ளினேன். தாள் நகர்ந்தது, கூடவே பாட்டிலும் சாய்ந்தது. அம்மா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மேசைத் துணிமேல் நீலமாகத் தீ ஓடியது. நான் கத்தியதில் லயனல் ஈரத் துண்டோடு ஓடிவந்தான். தீயை அணைத்துவிட்டு என் கையைப் பார்த்தான். "என்னண்ணே இது, பத்து விரலும் ராக்கெட் மாதிரி இருக்கு. நிலாவுக்கா போறீங்க?" என்றான். வாளியை எடுத்து அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா படமும் தப்பியது. மேசைத் துணியும் உன் இரண்டாம் பக்கமும் போயின. அதில் என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

மீதியை நானே பார்த்துக்கொண்டேன். ஆறு விரலில் பொருக்கு தானாகக் கழன்றது. மிச்சத்துக்குப் பெட்டியிலிருந்து ரப்பர் பால் வெட்டும் கத்தியை எடுத்தேன். முப்பத்தாறு வருடம் மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவியவன், ஒரு நகத்தைச் சீவ முடியாதா என்று நினைத்தேன். இரண்டு நகம் சரியாக வந்தது. அடுத்தது வலது ஆட்காட்டி விரல். சாயத்தோடு பாதி நகமும் வந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன். அதுதான் நான் வாசிக்கும் விரல். கட்டை விரலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், பேனாவைக் குத்துக்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு. ஆனாலும் மூன்று பக்கம் எழுதிவிட்டேன்!

வலது கட்டை விரலில் மட்டும் இன்னும் சிவப்பு இருக்கிறது.

கோபத்துடன்,
அப்பா


ஈப்போ,
16 ஜூன் 2025

அப்பாவுக்கு,

தீ என்ற சொல்லைப் பார்த்ததும் கடையில் வாடிக்கையாளரின் கையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கடைசியில் லயனல் அண்ணன் எடுத்து, "அப்பா ஒங்க மேல கோவமா இருக்காருலா, எழுதுனாத்தான் பேசுவாராம்" என்று சொல்லிச் சிரிக்கிறார். உங்கள் எல்லோருக்கும் இது சிரிப்பாக இருக்கிறதா? இருக்கும் ஒரு அப்பாவையும் ஒரு நகச்சாயத்துக்காக எரித்துவிட்டேன் என்று நான் பேர் வாங்க வேண்டுமா?

சுரண்டாதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் எரியவில்லை. அதை வாசித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தீர்கள்.

இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். பாதி, தீயைப் பற்றி. மீதி, விடுதிப் பள்ளித் தாளைப் பற்றி. அதை எழுத எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. இன்னொரு முறை எழுத மாட்டேன். ஒரு தாளைக் கடைசிவரை பார்க்காமல் காரியம் செய்வது உங்களுக்குப் புதிதா என்ன?

கட்டை விரலைத் தொடாதீர்கள். ஆட்காட்டி விரலை நனைக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள்.

ட்ரேசி


கோப்பெங்,
18 ஜூன் 2025

ட்ரேசிக்கு,

கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட்டார்கள். நகம் வளர்ந்துவிடும் என்றார்கள்.

உன் கடிதத்தை இந்த முறை முழுவதும் வாசித்துவிட்டேன். இரண்டு தடவை. பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அன்று சம்பள நாள். தோட்ட ஆபீசில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி உன் பள்ளித் தாளை நீட்டி, "படிச்சுப் பாத்து வைய்யா" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்றே சொன்னார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. படிப்பதுபோல் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தேன். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் கையை மையில் தொட்டு வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நீ அதை வாசித்துக்கொண்டே அழுதாய். அப்போதுதான் நான் எந்தக் கட்டத்தில் வைத்தேன் என்று எனக்குத் தெரிந்தது. "ஏம்பா?" என்று கேட்டாய். "பொம்பளப் புள்ள அவ்ளோ தூரம் போக வேணாம், நான்தான் வேணாம்னேன்" என்றேன். பொய். நீ போவாய் என்று நான் உனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். நாம் இருந்த லயத்து வீடுகளை இடித்தபோது அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மகளுக்கு முன்னால் முட்டாளாக நிற்பதைவிடக் கொடுமைக்காரனாக நிற்பது எனக்கு எளிதாக இருந்தது. அந்தக் கிராணிமேல் எனக்கு இன்றும் கோபம்தான். அதைவிட என்மேல்.

அன்று மையில் தொட்டது இந்த வலது கட்டை விரல். இதை நான் சுரண்டவில்லை. ஞாயிறு இதை வைத்துத்தான் வாசிக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

எட்டு மணிப் பூசை. உன்னை வா என்று சொல்லவில்லை. நேரத்தைச் சொல்கிறேன்.

அப்பா


28 ஜூன் 2025, சனி

அப்பாவுக்கு,

வந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பூசை முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். உங்களைப் பார்த்தால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கட்டை விரலைத் தூக்கிப் புத்தகத்தில் வைத்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "கெழவன் கைய பாத்தியா?" என்றாள் ஒருத்தி. "எங்கப்பா. நான்தான் போட்டேன்" என்றேன். அவள் திரும்பவே இல்லை. மூன்றாம் வரியில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். கோயில் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஜோவான் டீச்சர் எழுந்து வரப்பார்த்தார். நீங்கள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அந்த வரியை முதலிலிருந்து வாசித்தீர்கள். கடைசி வரை வாசித்தீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. இரண்டைக் கிழித்துப் போட்டேன்.

நீங்கள் முட்டாளாகவே இருந்திருக்கலாம் அப்பா. முட்டாள் அப்பாவிடம் அன்றைக்கே நான் பேசியிருப்பேன். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் அந்தப் பள்ளியில் கெஞ்சியிருப்போம். கட்டம் மாறிப்போயிற்று என்று நானே வாசித்துக் காட்டியிருப்பேன். வேறு தாள் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் போயிருக்கலாம். நீங்கள் அதைக் கேட்டுப் பார்க்கவே விடவில்லை. கைநாட்டை மன்னிக்க எனக்குச் சிரமம் இல்லை. அந்தப் பொய்யை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. முடியும் என்று இதில் எழுதவும் மாட்டேன்.

தகரப் பெட்டி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. அதை நான் நேரில் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்று உறையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள், கதவுக்கு அடியில் தள்ளியிருந்ததே. அசிட்டோன், பஞ்சு, அலுமினியத் தாள், எண்ணெய் எல்லாம் என் பையில் இருக்கின்றன. லயனல் அண்ணன் உங்கள் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்து, "அவரு படிச்சு முடிக்க அர மணி நேரம் ஆகும்லா, ஒரு தே குடிங்க" என்கிறார். குடித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஒரே பக்கமாகத்தான் எழுதியிருக்கிறேன். திருப்ப வேண்டியதில்லை. இதுதான் கடைசி வரி: முதலில் மெழுகுவர்த்தியை அணையுங்கள், பிறகு கதவைத் திறங்கள்.

ட்ரேசி