அட்டையின் இடது பாதி

தொழுவதற்கு விரித்திருந்த அட்டை கிழிந்துபோனது. இன்று மதியம், இப்போது நான் வேலை பார்க்கும் குடோனில் வேறொரு பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தேன். வெயிலில் காய்ந்த அட்டையின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். உன்னை யார் கூப்பிட்டது?

கபுறுக் குழியில் கிடப்பவனுக்கும் ஸலாம் சொல்வது முறை. அதனால் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். மற்றபடி இது அன்பில் எழுதும் மடல் இல்லை.

கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் பதினோரு வருஷம் நமக்கு ஒரே ஷிஃப்ட். பழைய இரும்பு கொட்டும் இடத்துக்குப் பின்னால், இதே மாதிரி ஓர் அட்டையில்தான் மதியத் தொழுகையான லுஹர் தொழுவோம். இரண்டே பேர் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுதால் முன்னே பின்னே நிற்பதில்லை. தொழவைப்பவர் இடப்பக்கம், மற்றவர் அவருக்கு வலப்பக்கம், தோளோடு தோள். தொழவைப்பது எப்போதும் நீதான். எனக்கு வலது பாதி.

தொழுது முடித்து டிபன் பாக்ஸைத் திறந்ததும் தொடங்கிவிடுவாய். உனக்கு அபூபக்கர் (ரலி) அவர்களின் பேச்சை எடுக்காமல் சோறு இறங்காது. நபியவர்கள் மக்காவை விட்டுப் போனபோது உடன் போனவர் அவர். "ஊரே தொரத்திக்கினு வருது. குகைக்குள்ள ரெண்டே பேரு. அந்த ரெண்டாவது ஆள 'தோழர்'னு ஆண்டவனே வேதத்துல சொல்றான்டா. இதவிட இன்னாடா பட்டம் வோணும் ஒரு மன்ஷனுக்கு?" என்பாய். சொல்லும்போது உன் கண் கலங்கும். அந்தக் கண்ணீரை நம்பித்தான் நான் கெட்டேன்.

கம்பி உருட்டும் மெஷினின் தடுப்புத் தகடு ஆடிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் சேர்ந்து போய்த்தான் சூப்பர்வைசரிடம் சொன்னோம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே தகடு கழன்று விழுந்தது. சிவக்கக் காய்ந்த கம்பி தடம் விட்டுத் துள்ளி, ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒருவரின் காலைப் பொசுக்கிவிட்டது. தகட்டைக் கழற்றியது நான்தான் என்று எழுதி மில் நிர்வாகத்தில் விசாரணை வைத்தார்கள். அன்று காலை ரயிலில் என் தோளைத் தட்டிச் சொன்னாய்: "இன்னாத்துக்குப் பயப்படுற? நான் கீறேன்டா. ரெண்டாவது ஆளு நானு."

உள்ளே போய், "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "இவன்தான் கழட்டிக்கினு இருந்தான் சார், நான் பாத்தேன்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். உன் மகளின் நிக்காஹ் நெருங்கியிருந்தது, வேலை போய்விடுமோ என்று பயந்தாய், எல்லாம் தெரியும். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வேலை போனதுகூடப் பெரிதில்லை. ஒரு மனிதனின் காலைப் பொசுக்கியவன் என்ற பேரோடு பள்ளிவாசலுக்குப் போய் நின்றேன் பார், அதுதான் ஆறவில்லை.

இரண்டு வருஷம் வாய் திறக்காதவன், நோயில் விழுந்ததும் மனைவியை என் வீட்டுக்கு அனுப்பினாய். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஒப்பித்தார்: "அண்ணே, அபூபக்கர் நாயகம் மிஸ்தஹ மன்னிச்சாங்களே, அது மாதிரி நீங்களும் மனசு வெக்கணும்னு சொல்லச் சொன்னாரு."

பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது எனக்கு அந்த வசனத்தைச் சொன்னாயா? வேலை போன பிறகு நானாகத்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அதைக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். அபூபக்கரின் மகள்மேல் அவதூறு பரப்பியவர்களில் அவருடைய சொந்தக்காரர் மிஸ்தஹும் ஒருவர். அபூபக்கரின் கையால் சாப்பிட்டு வளர்ந்த மனிதர். இனி அவருக்கு ஒன்றும் தரமாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்தபோது வசனம் இறங்கியது. அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று அது கேட்டது. சிறப்புடையவர் என்று அவரைப் புகழ்ந்துவிட்டுத்தான் கேட்டது. விரும்புகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார் அவர்.

உன் மனைவியிடம் நான் சொன்னது இதுதான்: "அந்த வசனத்த எடுத்துக்கினு மிஸ்தஹா வந்தாரு? ஆண்டவன்தான சொன்னான்! உங்க ஊட்டுக்காரர நேர்ல வரச் சொல்லுங்கக்கா. அப்பால பாக்கலாம்." அவர் எழுந்து போனார். நீ படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் நீ மவுத்தான செய்தி வந்தது.

வந்தேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் உன் மச்சினன் கூட்டத்தைப் பார்த்து, "மாமா யாருக்குனா தப்பு செஞ்சிருந்தா அல்லாவுக்காக மாப்பு குடுத்துடுங்க" என்று கேட்டார். "குடுத்துட்டோம்" என்றார்கள் எல்லோரும். நீ ஒரு தப்பும் செய்யாதவர்களெல்லாம் தாராளமாகக் கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியவன் மூன்றாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பிடி மண் போட்டேன், அது கடமை. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நான் அபூபக்கர் இல்லை.

இன்று பழைய அட்டையை மடக்கித் தூக்கிப்போடும்போதுதான் பார்த்தேன். நெற்றியும் முட்டியும் பட்டுத் தேய்ந்து கிழிந்திருந்தது வலது பாதி மட்டும்தான். இடது பாதி புதுசாகவே இருந்தது. இந்தக் குடோனில் தொழுகிறவன் நான் ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, முழு அட்டையை விரித்துவிட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புது அட்டையில் நடுவில்தான் நிற்பேன் என்று வீம்பாகப் போய் நின்றேன். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டக் கையைத் தூக்கியவன், கையை இறக்கிவிட்டு வலப்பக்கம் நகர்ந்துகொண்டேன். உன் பாதியில் கால் வைக்க எனக்கு வரவில்லை, பாவி.