பொரிக்காத முட்டைகள்

2024 ஜூன் 25, செவ்வாய்

கொடியில் போட்ட சேலை இன்னும் காயவில்லை. ஹட்டனில் வெயிலைப் பார்த்தே எத்தனையோ நாளாகிறது. விடுப்பு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு வேலை தந்தார்கள். என் மனதைத் திருப்புகிறார்களாம். "டீச்சர், விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒங்க வகுப்பு டைனோசர் செய்யட்டும்" என்றார் பள்ளிக்கூடத்து அதிபர். சரி என்றேன். டைனோசரில் என்ன வந்துவிடப் போகிறது?

ஜூன் 27, வியாழன்

வந்துவிட்டது. என் வகுப்புப் பிரியந்தி, இருக்கிற டைனோசரை எல்லாம் விட்டுவிட்டு, முட்டைக்குள் கருவாகவே கல்லாகிப்போன முளையத்தின் உயிர்ச்சுவட்டைத்தான் எடுத்திருக்கிறாள். படம் காட்டினாள். பொரிக்கப் போகும் கோழிக்குஞ்சு மாதிரியே முதுகை வளைத்து, தலையை மடக்கி வைத்திருக்கிறது. "அழகா இருக்குல்ல டீச்சர்?" நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மே மாதம், எட்டு மாத வயிற்றுக்குள்ளேயே என் பெண் அடங்கிப்போனாள். எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அத்தை, என் வீட்டுக்காரர் மதுரனின் அம்மா, போனில் சொன்னார்: "தாய் அந்த எடத்தப் பாத்தா அடுத்தது தங்காதும்மா. மதுரனுக்குத் தெரியும்ல, அது போதும்."

எனக்குப் போதாது.

ஜூலை 1, திங்கள்

பிரியந்திக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காகவே வாசிக்கிறேன். ஒரே இனத்து முளையங்களின் தொடை எலும்புகளை வயதுவாரியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டைக்குள்ளேயே மளமளவென்று வளர்ந்திருக்கின்றன. தசை இழுத்த இடத்தில் எலும்பின் வடிவமே மாறியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே கிடந்து அசைந்திருக்கிறது, உதைத்திருக்கிறது. வேறோர் இனத்தின் பல்லில் நாளுக்கொரு கோடு. அதை வைத்துப் பார்த்தால், பொரிக்க மாதக்கணக்கில் ஆகியிருக்குமாம்.

என்னுடையதும் உதைத்தது. கரும்பலகையில் எழுதும்போது உதைத்து எழுத்தைக் கோணலாக்கியது. நான்கூட அதட்டினேன். அதை எங்கே போய்ப் பார்ப்பேன்?

ஜூலை 3, புதன்

பிரியந்தி கேட்டாள்: "டீச்சர், இதெல்லாம் பொரிக்காமப் போனதாலதானே நமக்கு இவ்வளவும் தெரியுது?" ஆமாம். பொரித்தவை ஓடிப்போய்விட்டன. முட்டைக்குள் எப்படி வளர்ந்தோம் என்று சொல்வதற்கு மிஞ்சியவை வெளியே வராதவைதான்.

கோடிக்கணக்கான வருடம் அதுகளைச் சேறு மூடி வைத்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒரு முட்டையைப் பார்த்துப் பொறாமை!

ஜூலை 4, வியாழன்

மதுரனிடம் கேட்டுவிட்டேன். முதலில் அவரும் அடுத்தது தங்காது என்ற பாட்டையே பாடினார். அடுத்தது எனக்கு வேணாம், இது எங்க இருக்குன்னு சொல்லுங்க என்று கத்தினேன். கீழே கடைக்காரருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைத் திருகினார்.

"பொதைக்கல நிலக்ஷி. எங்க பொதைக்கிறது? தோட்டத்து மயானத்துல வைக்கணும்னா அங்க வேல செய்யிறவங்க செக்ரோல்ல பேரு இருக்கணும். அப்பா போனப்பறம் எங்க வீட்டுல யாரு பேரும் அதுல இல்ல. தொரை ஆபீஸ்ல நிக்கணும், சங்கத் தலைவர் வீட்டுல நிக்கணும். கைல புள்ளைய வச்சிக்கிட்டு எத்தன வாசல்ல நிக்கிறது? ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கிறோம்னாங்க. சரின்னுட்டேன்."

அப்புறம் என்ன செய்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. அவர் அம்மாவிடம் புதைத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார்.

மயானத்துக்கே கொண்டுபோயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கூரைத் தகரத்துக்கும் தோட்டத்து ஆபீஸில் கேட்டு, லீவுக்கும் கேட்டு வளர்ந்த வீடு. இதற்கும் கேட்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். கடவுளே, இதற்குமா?

ஜூலை 5, வெள்ளி

அவருக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டேன். சோறு மட்டும் போட்டு வைத்தேன்.

ஜூலை 10, புதன்

கண்காட்சி. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, "இந்தக் குஞ்சு எவ்வளவு பெருசா வளரும்?" என்று கேட்டார். "இது வளராதுங்க சார். வளந்த வரைக்கும்தான் சொல்லும்" என்றாள் பிரியந்தி. பரிசு எரிமலைக்குப் போனது. எரிமலைக்குத்தான் எப்போதும் போகும்.

நான் கூப்பிடாமலே மதுரன் வந்திருந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "கைல வாங்குனப்ப இப்படித்தான் தலைய மடக்கி வச்சிருந்துச்சு" என்றார்.

அவள் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இது எனக்கு இன்றுதான் உறைத்தது. அங்கேயே அழுதேன்.

ஜூலை 14, ஞாயிறு

லிந்துலைக்குப் போனோம். லயத்து வீட்டு வாசலில் எங்களை உட்கார வைத்துவிட்டு, அத்தை ஒரு சின்னப் போத்தலில் பசும்பால் கொண்டுவந்து வைத்தார். மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லிக் காலையிலேயே வாங்கினாராம்.

"மதுரன், எனக்கு மட்டும் அந்த எடத்தக் காட்டுய்யா. பச்ச மண்ணு. ஒரு சொட்டுப் பாலுகூட ஊத்தலையேன்னு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

மதுரன் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஊத்தியாச்சுங்க அத்த" என்றேன். "போன கெழம நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். நல்ல எடங்க."

"ஐயோ, தாய் போகக்கூடாதேம்மா!"

"போயிட்டேங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, பாலை வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே தேத்தண்ணி போட்டுத் தந்தார். மதுரனால் குடிக்க முடியவில்லை. நான் குடித்தேன்.