இடக்கை வரி

சோஸ்னோவ்கா
3 ஆகஸ்ட் 1971

அன்புள்ள யெர்மொலாய்,

நலம் என்று எழுதச் சொன்னால் தபால்காரி கிளாஃபிரா சிரிக்கிறாள். முட்டிவலியில் நான் முனகுவது அவளுக்குக் கேட்கிறது. சரி, பாதி நலம்.

செப்டம்பரில் பேத்தி ஃபாயினாவுக்குக் கல்யாணம். பெண்ணை வழியனுப்பும் மெட்டை என் கல்யாணத்தில் நீதான் வாசித்தாய். உனக்கு நீலச் சட்டை, காலரில் பொத்தான் இல்லை. நானும் வாசிப்பவன்தான், ஆனால் அன்று மாப்பிள்ளையாக நின்றதால் அந்த மெட்டு மட்டும் என் விரலுக்குப் பழகவில்லை. அக்கார்டியனோடு நீயே வா.

ஊர் மன்றத்து மேலாளர் அந்த மெட்டுக்கு இசைத்தாள் தந்தார். புள்ளிக்கு வால் இருக்கிறது, எந்த விரல் என்று இல்லை. வர முடியாவிட்டால் மரவெட்டி முகாமில் நாமே உண்டாக்கிய குறியில் எழுதி அனுப்பு: மேல்வரி வலக்கை, கீழ்வரி இடக்கை, துருத்தியை இழுக்க வட்டம், அமுக்கக் கோடு.

உன்
சவ்வா
(கைநாட்டு. எழுதியது கிளாஃபிரா)


லூகினோ
14 ஆகஸ்ட்

அன்புள்ள சவ்வா,

ஃபாயினாவுக்கு என் ஆசிகள். வர முடியாதப்பா. மாடு கன்று போடுகிற நேரம், பாதையும் சேறு. மெட்டை நம் குறியில் போட்டிருக்கிறேன். கோபிக்காதே.

யெர்மொலாய்


சோஸ்னோவ்கா
22 ஆகஸ்ட்

யெர்மொலாய்,

தாளைப் பார்த்ததும், "சோம்பேறிப் பய, பாதியத்தான் போட்டிருக்கான்" என்று கத்தினேன். கிளாஃபிரா எட்டிப் பார்த்து, "கீழ்வரிய வெறுமனே விட்டிருக்காரு தாத்தா, அதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

அன்று முழுக்கத் திட்டினேன். மறுநாள்தான் உறைத்தது. மேல்வரியிலும் இழுக்கிற வட்டமோ அமுக்கிற கோடோ ஒன்றுகூட இல்லை. துருத்தியை இழுப்பது இடக்கைதானே. நீ அக்கார்டியன் பெட்டியைத் தொடவே இல்லை, மேசையில் விரல் தட்டி எழுதியிருக்கிறாய்.

மாடு கன்று போட்டாயிற்று என்று ஈஸ்டருக்கு நீதான் எழுதினாய். எனக்குப் படிக்கத் தெரியாது, மறக்கவும் தெரியாது.

இடக்கைக்கு என்னடா ஆச்சு? கல்யாணத்துக்கு வந்து சும்மா உட்கார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சவ்வா
(எழுதியது கிளாஃபிரா)


லூகினோ
2 செப்டம்பர்

சவ்வா,

கேட்பார்கள். "பெட்டி எங்கேய்யா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொல்வேன்?

புல் அறுக்கத் தொடங்கிய வாரம், காலையில் எழுந்தால் இடப்பக்கம் யாரோ படுத்திருப்பது போல இருந்தது. என் கைதான், அசையவில்லை. மருத்துவர் பிசையச் சொன்னார், மருமகள் பிசைகிறாள். நல்லவள். அடுத்த வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

சட்டை போட்டுவிடுவாள், ரொட்டி வெட்டித் தருவாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கிளாஃபிரா இதை உன் காதோடு மட்டும் படிக்கட்டும். ஒரு கை போனவனுக்கு இருக்கிற கையைத் தேய்த்துக் கழுவ வழியில்லை. வலது அக்குள், தோள், முழங்கை எல்லாம் கோடையிலிருந்து அப்படியே கிடக்கிறது. அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்?

கல்யாணம் நடக்கட்டும். உருளைக்கிழங்கு தோண்டி முடித்ததும் வா. பெட்டியைக் கொண்டு வராதே. சனிக்கிழமையாகப் பார்த்து வா, அன்றைக்குத்தான் குளியலறையில் வெந்நீர் போடுவார்கள்.

யெர்மொலாய்