இரண்டு தடவை வந்த உன் பெயர்

இன்று காலை கணினித் திரையில் உன் பெயர் இரண்டு தடவை வந்தது. அப்பா பெயரும் உன் அப்பாவுடையதுதான், தேயிலைத் தோட்டமும் உன் தோட்டம்தான். கையிலிருந்த பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இனி எந்தப் பட்டியலிலும் நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பதுளையில் நம் அலுவலகத்தின் அந்தச் சின்ன அறையில்தான் பெயர்களைச் சரிபார்க்கும் இந்தப் பைதான் ஸ்கிரிப்ட்டை எழுதினேன், நினைவிருக்கிறதா? லுணுகலைப் பக்கம் உன் தோட்டத்தில் மண்சரிவு அபாயத்தால் புது வீடு கிடைக்கவேண்டிய குடும்பங்களின் பட்டியல் வந்திருந்தது. மூன்று பேர் தனித்தனியாகச் சேர்த்தது, அதனால் சில பெயர்கள் இரண்டு முறை ஏறியிருந்தன. பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றும் ஒத்துப்போனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்படி எழுதி ஓடவிட்டேன். பதினோரு வரிகள் காணாமல் போயின. "பாத்தியா, ஒரே நிமிசம்!" என்று பெருமையடித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "அழிச்சதையெல்லாம் காட்டு" என்றாய். நாலாவது வரியில் விரலை வைத்தாய்.

"இந்த முத்தையா லெட்சுமி ரெண்டு பேருடி. ஒருத்தி எங்க அம்மா."

நான் டவுனில் பிறந்தவள். வீடென்றால் அதற்கு ஓர் இலக்கம் இருக்கும் என்பதுதான் என் நினைப்பு. லயத்தில், அந்த நீள வரிசைக் கட்டடத்தில், இருபது குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தானே முகவரி! அடையாள அட்டை எண்ணும் பாதிப் பேருக்கு எழுதப்படவில்லை. நீ கேட்காமல் இருந்திருந்தால் ஒரே வீட்டு வாசலில் இரண்டு லெட்சுமிகள் நின்றிருப்பார்கள். ஒருத்தர் மண் சரியும் அந்த மேட்டுக்கே திரும்பிப் போயிருப்பார். எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நீ திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். ஒவ்வொரு பெயரும் எத்தனை தடவை வருகிறதென்று எண்ணி, ஒன்றுக்கு மேல் வந்ததை வரி எண்ணோடு காட்டினால் மட்டும் போதும் என்றாய். "அழிக்கிற வேலைய அதுகிட்ட குடுக்காத. ரெண்டு தரம் வந்தா நாம தோட்டத்துக்கு ஏறிப் போய்ப் பாப்போம்."

ஏறிப் போனோம், காலெல்லாம் அட்டைக்கடியோடு. ஏழு பெயர்கள் ஒரே ஆள்தான். நாலு இடத்தில் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். உன் அம்மாவின் புது வீட்டுக் கதவில் இப்போது இலக்கம் இருக்கிறது. அந்த ஸ்கிரிப்ட் இன்னும் ஐந்து தோட்டங்களைப் பார்த்துவிட்டது. யார் கேட்டாலும், என் சிநேகிதி திருத்தியது என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.

இன்றைய பட்டியல் உன் தோட்டத்தின் மேல் டிவிசனுடையது, மலையின் மேற்பகுதி. மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். லயத்தின் முன்னால் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அத்தனை சத்தமாக அதைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று! முதல் காம்பரா வாசலிலிருந்து தலைத்துண்டை அவிழ்த்தபடி ஒருத்தி வந்தாள். கடைசிக் காம்பராவிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி.

"என்னையாங்க கூப்பிட்டீங்க?" என்று இருவருமே கேட்டார்கள்.

"ரெண்டு பேரையுந்தான்" என்றேன். பட்டியலில் இரண்டு வரியையும் அப்படியே விட்டிருக்கிறேன்.