கவிழ்த்த குடம்

புதுக்கோட்டை, 12-8-1957, திங்கள்

இன்று நாலாம் வகுப்பில் என் பயிற்சிப் பாடம். காலிச் சொம்பைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்பார்கள், பிறகு வாளித் தண்ணீரில் கவிழ்த்துக் காற்றைக் காட்டலாம் என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன்.

செல்லாயி எழுந்து, "காத்து இருக்கு டீச்சர். கண்மாயில கொடத்தக் கவுத்துப் புடிச்சுத்தானே நீந்துறோம்" என்றாள். பின்னால் மேற்பார்வை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். குறிப்பு கலைந்துவிடுமே என்று பதறி, "ஒன்னக் கேக்கல, ஒக்காரு" என்றேன். அடுத்தவள் "ஒண்ணுமில்ல" என்றாள். "சபாஷ்" என்றேன்.

சிவப்பு மையில் 'நன்று' கிடைத்தது.

நானும் அக்காவும் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் நீந்தப் பழகினோம். குடம் சாய்ந்து குபுக்கென்று காற்றை விட்டால் அக்கா அப்படிச் சிரிப்பாள்.

இன்று வாளிக்குள் கவிழ்த்துச் சாய்த்த சொம்பிலிருந்து குமிழி வந்ததும் வகுப்பே கைதட்டியது. செல்லாயி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.