மண்ணீரலுக்கு ஈடு

அன்பு மகள் அக்மராலுக்கு,

அம்மா எழுதுகிறேன். வயிற்றுக்குள் ஓர் உறுப்பு குறைந்துபோனதைத் தவிர இங்கே மற்ற எல்லாம் நலம்தான், கொரியாவில், பூசானில் நீ ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படிக்க ஆசை. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. ஏரியிலிருந்து காலையில் ஆவி எழும்பி வாசல்வரை வருகிறது, எதிர்க்கரை மலைகள் கீழே எதுவும் இல்லாமல் மிதப்பது போல இருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது என்று போனில் ஒரு வரி சொன்னேன், நீ முழுசாகச் சொல்லும்மா என்றாய், சொல்ல ஆரம்பித்தேன், கோர்வையாக வரவில்லை, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். எழுத்தில் என்றால் நின்று நின்று சொல்லலாம்.

நவ்ரூஸ் வசந்தத் திருநாளன்று மைதானத்தில் ஷைலோபெக் ஊஞ்சல் போட்டிருந்தான். விருந்துகளுக்கு ஊஞ்சலும் ராட்டினமும் வாடகைக்கு விடுகிறானே, அவன்தான். உன் சோனுன்பூ சித்தி, நானும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு, அவள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரே பலகையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி மடக்கி உந்தினோம், கீழே நின்ற பெண்கள் பாடினார்கள். மேலே போகும்போது ஏரி முழுசும் தெரிந்தது, கீழே வரும்போது கோதுமைக் கூழ் காய்ச்சுகிற அண்டாவின் புகை முகத்தில் அடித்தது, எனக்கு வயது என்ன என்பதே மறந்துபோனது. அப்போதுதான் மேலே ஏதோ முறிகிற சத்தம். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. சோனுன்பூ சங்கிலியிலேயே தொங்கிவிட்டாள், உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு சரி. நான் போய் ஊஞ்சலின் இரும்புக் கால் மேல் இடது விலா இடிக்க விழுந்தேன்.

எழுந்து உட்கார்ந்தேன் கண்ணே, சிரிக்கக்கூடச் செய்தேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள், குடித்தேன். இடது தோள் மட்டும் வலித்தது, சங்கிலியைப் பிடித்ததில் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் வீட்டில் விருந்தாளிகளுக்கு எண்ணெயில் பொரித்த பொர்சோக் துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், வெளிச்சம் பாலாக மாறியது, ஏரி எழுந்து வந்து நிலைப்படியில் நிற்பது போல இருந்தது, அப்புறம் எதுவும் தெரியாது. மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருந்ததாம், ஆஸ்பத்திரியில் மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். மயக்கத்தில் நான் ஊஞ்சலில்தான் இருந்தேன், சங்கிலியும் இல்லை கம்பமும் இல்லை, தண்ணீருக்கு மேலே போய்ப் போய் வந்தேன், எதிரே நீ நின்றாய், பள்ளிக்கூடச் சீருடையில், தலையில் வெள்ளை ரிப்பன். இறங்க மனமே இல்லை. உன் அப்பாவின் இருமல் சத்தம் கேட்டுத்தான் கண் திறந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஷைலோபெக் ஓர் ஆட்டையும் ஒரு சால்வையையும் கொண்டுவந்தான். அத்தை அத்தை என்று குழைந்தான். பெரியப்பாவும் வந்திருந்தார், "ஆட்டை வாங்கிக்கிட்டு முடிச்சுக்கடா ஜோல்தோஷ், ஊருக்குள்ள கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?" என்று அப்பாவைக் கேட்டார். உன் அப்பா எப்போதும் அண்ணன் சொல்லைத் தட்டாதவர், இப்போதும் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வெளியே போய் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார், பிறகு கயிற்றை அவிழ்த்து ஷைலோபெக் கையில் கொடுத்தார். "ஆடு நல்ல ஆடுதான் தம்பி. ஆனா எம் பொண்டாட்டி வயித்துல இருந்தது இது இல்லையே" என்றார். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. வாசலைத் தாண்டும்போது, "பல்லு போற வயசுல ஊஞ்சலாடிட்டு எம்மேல பழி போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்தப் பேச்சுகூடப் பெரிதில்லை, மறந்திருப்பேன். ஆனால் மருத்துவர் என்ன சொன்னார் தெரியுமா, இனி எந்தக் காய்ச்சலும் எனக்குச் சின்னக் காய்ச்சல் இல்லையாம், உடம்பு சுட்டால் உடனே ஓடிவர வேண்டும், தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும், நான் வேலை பார்க்கிற பள்ளிச் சமையலறை அண்டாக்களை இப்போதைக்குத் தூக்கக் கூடாது. தையல் பிரிக்கப் போய்த் திரும்பும்போது பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பக்கத்து ஊரில் யாரோ பிள்ளைக்குச் சுன்னத் விருந்து, அதே ஊஞ்சல், அதே நீல வண்ணம், இரண்டு சிறுமிகள் வானத்துக்கும் பூமிக்கும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிற்காமல் போய்விட்டது. அவர்கள் பாவாடை காற்றில் விரிந்தது மட்டும் கண்ணில் நின்றது. மறுநாளே ஜிபார் என்கிற வழக்கறிஞர் பெண்ணைப் போய்ப் பார்த்தோம்.

நீதிமன்றத்தில் அவன் தரப்பு வக்கீல், ஊஞ்சல் நன்றாகத்தான் இருந்தது, வயதான இரண்டு கனத்த பெண்கள் அடக்கமில்லாமல் உந்தியதால் வந்த வினை என்றார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் என்னைப் பார்த்து எதற்காக ஏறினீர்கள் என்று கேட்டார். ஜிபார் எனக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருந்தாள், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. "சந்தோஷமா இருந்தேம்மா, அதான் ஏறினேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் சோனுன்பூவைக் கூப்பிட்டார்கள். அவளிடம் எனக்கு நம்பிக்கையே இல்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஷைலோபெக் அவளுக்கு அண்ணன் மகன், புருஷனும் பிள்ளையும் இல்லாதவளுக்குக் குளிர்காலத்துக்கு நிலக்கரி கொண்டுவந்து போடுகிறவன், பண்டிகைச் சோறு அவன் வீட்டில்தான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள், அவன் பக்கம் திரும்பவே இல்லை. "மேல ஆணி இருக்க வேண்டிய எடத்துல கம்பியச் சுத்தி வச்சிருந்தான். காலையிலேயே நான் பாத்தேன். இது தாங்குமாடான்னு கேட்டேன். கல்யாணக் கூட்டத்தையே தாங்கும், ஏறு அத்தேன்னான்" என்றாள். அவன் "அத்தே!" என்று ஒரு சத்தம் போட்டான், நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். சோனுன்பூ என் பக்கம் திரும்பினாள். "உங்கிட்ட சொல்லாமத்தான் ஏத்துனேன் அனார்குல். சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டே. நீ ஏறலேன்னா என் எதிர்ல வந்து நிக்க வேற யாருடி இருக்கா?" என்றாள்.

ஜெயித்தோம் மகளே. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், பட்ட வேதனைக்கு என்று ஒரு தொகை, எல்லாம் அவன் தர வேண்டும் என்று தீர்ப்பு, பரிசோதித்துச் சான்று வாங்கும்வரை ஊஞ்சலை எங்கும் போடக் கூடாது என்றும் உத்தரவு. அவன் மேல்முறையீட்டுக்குப் போனான், அங்கேயும் இதுதான். தவணையில் கட்டி வருகிறான், என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறான். பெரியப்பா மட்டும் வந்து அந்த ஆடு கொழுத்த ஆடு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஜெயித்த நிறைவு வந்ததா என்றால், வந்தது, கம்பி சுற்றிய அந்த ஊஞ்சலில் இனிப் பிள்ளைகள் ஆட மாட்டார்கள் என்று கேட்டபோது வந்தது. மற்றபடி விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் ஒரு தழும்பு, அதற்குள்ளே சத்தமில்லாத ஓர் இடம்.

ஆனால் சோனுன்பூவை என்னால் பார்க்க முடியவில்லை. தெரிந்தே என்னை ஏற்றினாள், அவளேதான் எனக்காக உண்மையும் சொன்னாள், இரண்டையும் ஒன்றாக எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் அவள் வந்தால் நான் திரும்பிவிடுவேன். இப்படியே இலை உதிர்ந்தது, முதல் பனியும் விழுந்தது. ஷைலோபெக்கின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, பாட்டு ஊருக்கே கேட்டது, சொந்த அத்தைக்கு அழைப்பு இல்லை. அன்றைக்கு உன் அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகையைக் காணோம் என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் நம் நிலக்கரியை வண்டியில் அள்ளினார். பனி பெய்துகொண்டிருந்தது, கல்யாண வீட்டு விளக்குகள் மங்கலாக மஞ்சளாகத் தெரிந்தன, எப்போது காலணியை மாட்டினேன் என்று தெரியாது, வண்டிக்குப் பின்னால் நானும் நடந்துகொண்டிருந்தேன்.

அவள் மேல்கோட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அடுப்பை மூட்டினார், நான் டீ போட்டேன், பால் எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுத்தேன். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள். "குளிர்ல வலிக்கும்" என்றேன். "உன்ன வச்சு நான்…" என்று ஆரம்பித்தாள். "டீ ஆறுது, குடி" என்றேன். மன்னித்துவிட்டாயா அம்மா என்று நீ கேட்பாய், எனக்கே தெரியாது. கடைசித் தடுப்பூசிக்குக் கரகோல் நகரத்துக்குப் போகும்போது அவள்தான் கூட வந்தாள், பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், நான் அசையாமல் இருந்தேன்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், எங்காவது இடிபட்டால் ஒன்றுமில்லை என்று வேலைக்கு ஓடாதே, போய்க் காட்டு. உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு ஒரு கதவு திறக்கட்டும். ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது முதலில் சோனுன்பூ சித்தியைக் கூப்பிடு, அப்புறம் எங்களைக் கூப்பிட்டால் போதும். போனை ஜன்னலோரம் வைத்திருக்கிறாள், அதில் பேச அவளுக்கு இப்போது யாரும் இல்லை. வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்காதே. சாப்பிட்டாயா சித்தி என்று கேள்.

உன்னை நெஞ்சோடு அணைத்து முத்தமிடும்
அம்மா அனார்குல்