சொல்வது நின்றுபோன தொழிற்சாலை

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில், இயந்திரச் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் எண்ணெயின் வாசனை போகவில்லை. காலையில் லேத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, மரை சிதைந்த வால்வு ஒன்றை என் கையில் வைத்து, "நான்தானுங்க கெடுத்துட்டேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கதவுப் பக்கம் போனது. அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். உனக்கு எழுதாமல் இது அடங்காது.

கஞ்சிக்கோட்டில் இதே வால்வுத் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். எலப்புள்ளியிலிருந்து வந்த உனக்குத் தரப் பரிசோதனை, எனக்கு உற்பத்தி அலுவலகம். யார் வால்வைக் கெடுத்தாலும் அவர்களே கொண்டுவந்து உன் மேசையில் வைப்பார்கள். யார் என்று நீ கேட்டதே இல்லை. "எப்படி ஆச்சுங்க?" என்பதோடு சரி. உளி தேய்ந்ததா, இயந்திரம் ஆட்டம் கண்டதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்காரர்கள் நம் பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்காமல் இறக்கிக்கொள்வார்கள். நம் லாபம் அந்த நம்பிக்கையில் ஓடியது.

பிறகு புது மேலாளர் வந்தார். கெடுத்தவர் பெயரைப் பலகையில் எழுத வைத்தார், ஊக்கத்தொகையையும் பிடித்தார். இரண்டே மாதத்தில் பலகை வெறுமையானது. கூட்டம் கூட்டி எல்லோரையும் பாராட்டினார். நீ எழுந்தாய்.

"தப்பு நிக்கலீங்க சார். சொல்றதுதான் நின்னுபோச்சுங்க."

அவர் என்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். லேத் ஆட்கள் பழுதான வால்வைப் பெட்டியின் அடியில் தள்ளுவதை முந்தின நாள்தான் என் கண்ணால் பார்த்திருந்தேன். "எனக்குத் தெரியலீங்க சார்" என்றேன்.

அனுப்பிய சரக்கு லாரியோடு திரும்பி வந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் வேறிடம் போனார்கள். ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டி வந்தது. பழி பரிசோதனைப் பிரிவின் மேல் விழ, நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாய். பஸ் நிறுத்தம் வரைக்கும் உன்னோடு வந்தேன். "அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் புள்ள" என்றாய். குரலில் கோபம் இல்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டாய். அதன்பின் கல்யாண வீடுகளில் பார்த்தபோதெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசினோம். போன ஆவணியில் நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்று செய்தி வந்தது. உன் வீட்டுக்கு வந்தேன். உன் கணவரிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

இப்போது அந்த மேலாளர் நாற்காலியில் இருப்பது நான். பொறுப்புக்கு வந்த முதல் வாரமே பலகையைக் கழற்றினேன். ஆனாலும் பழுதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் வர மூன்று மாதமாயிற்று. காலையில் வந்தவளுக்குப் பின், மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

மத்தியானம் முதலாளிமார் கூடினார்கள். ஒரே காலையில் ஐந்து பழுதா, நான் வந்தபின் பழுது கூடியது ஏன் என்று கேட்டார்கள். "கூடலீங்க. இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்தது இப்பத்தான் வெளிய வருதுங்க" என்றேன். தீபாவளி வரை பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள். அதற்குள் வாடிக்கையாளர் திரும்புவார்களா, நான் இந்த வேலையில் இருப்பேனா, தெரியாது.

பேசும்போது மேசைக்கு அடியில், காலையில் வந்த அந்த வால்வை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ எழுந்து நின்றபோது உன் கையிலும் ஏதாவது இருந்ததா? பக்கத்து நாற்காலியில் இருந்தும் நான் குனிந்துகொண்டிருந்தேன், பார்க்கவில்லை.